தேய்ந்தால் எங்கே கிடைக்கும்?

(பெங்களூரு ஆஸ்டின் டவுனில், பழைய பாணி ரோடு சைக்கிளுக்கு உதிரிபாகம் தேர்ந்தெடுப்பது பற்றி ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைக்குப் பேசப்போவது சைக்கிளைப் பற்றி. கடையில் தொங்குவதை இறக்கி, காற்றடித்து, காசு கொடுத்து ஓட்டிக்கொண்டு போகிற சைக்கிள் அல்ல. ஓட்டுபவரின் உடம்புக்கு அளவெடுத்து, மெல்லிய எஃகுக் குழாயில் ஃபிரேம் கட்டி, ரிம் முதல் பெடல் வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து வாங்கிக் கோர்க்கிற பழைய பாணி ரோடு சைக்கிள். வளைந்து இறங்கும் ஹேண்டில்பார், தோல் சீட், மூட்டுக்கு மூட்டு லக் என்கிற இணைப்பு உறை வைத்துப் பற்றவைத்த ஃபிரேம். அந்த வண்டி.

இதன்மேல் ஆசை வருவது அழகைப் பார்த்துத்தான். வரட்டும், தப்பில்லை. ஆனால் பாகம் வாங்கக் கிளம்பும்போது ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கூடவே கொண்டுபோக வேண்டும். நாளைக்கு இது தேய்ந்தால் எங்கே கிடைக்கும்? பழைய பாணியின் உண்மையான பெருமை அதன் தோற்றத்தில் இல்லை. ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதில்தான் இருக்கிறது. அந்த வசதியை விட்டுவிட்டு அழகை மட்டும் வாங்கினால், சுவரில் மாட்டிவைக்கத்தான் ஆகும்.

பழைய பாணி என்றதும் இது ஏதோ இத்தாலிக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு ஒட்டாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் அம்பத்தூரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1949-இல் அங்கே முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ் என்று நம் அப்பாக்களும் தாத்தாக்களும் ஓட்டிய வண்டிகளெல்லாம் அந்த வாசல் வழியாக வந்தவை. 1955-இல் பக்கத்திலேயே ஆவடியில் குழாய்த் தொழிற்சாலையும் வந்தது. இங்கிலாந்தில் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் கீழ் 1928 முதலே இருந்த இன்னொரு கம்பெனி எது தெரியுமா? பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ். உலகத்துச் சைக்கிள் பந்தயக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிய '531' குழாயை 1935-இல் கொண்டுவந்தவர்கள். டூர் டி பிரான்ஸை வென்ற பல வண்டிகளின் ஃபிரேம் அந்தக் குழாய்தான். ஆக, நம் தாத்தாவின் ஹெர்குலிஸும் அந்தப் பந்தய வண்டியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஒரே வீடு என்றாலும் வளர்ப்பு வேறு. ரெனால்ட்ஸ் குடும்பத்தார் முதலில் ஆணி செய்தவர்கள். 1897-இல் அவர்கள் காப்புரிமை பெற்ற யோசனை எளிமையானது. குழாயின் வெளிவிட்டம் எங்கும் ஒன்றே. உள்ளே மட்டும் முனைகளில் சுவர் தடிமன், நடுவில் மெல்லிசு. முனை ஏன் தடிமன்? பற்றவைக்கும் சூடு அங்கேதான் எஃகின் பலத்தைக் குறைக்கிறது. மூட்டின் சுமையும் அங்கேதான் விழுகிறது. நடுவில் அவ்வளவு எஃகு வேண்டியதில்லை. நல்ல குழாயின் முனையில் சுவர் 0.8 அல்லது 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.5 அல்லது 0.6. விரலால் சுண்டினால் கணீரென்று கேட்கும். பால்காரர் கேன் மாட்டிய வண்டிக்கு இந்தக் குழாய் போடவில்லை, போடவும் தேவையில்லை. அதற்குச் சாதா எஃகு, எங்கும் ஒரே கனம். அந்த வண்டி தூக்க வேண்டியது நூறு கிலோ மூட்டையை. ரோடு சைக்கிள் தூக்க வேண்டியது ஒரு மனிதரையும் அவருடைய தண்ணீர் பாட்டிலையும்.

இப்போது ஆஸ்டின் டவுனில் குடியிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வார நாளில் வேலைக்குப் போகவும், ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்கோ ஓசூர் சாலையிலோ போகவும், வருடத்தில் ஓரிரு முறை 200 கிலோமீட்டர் பிரெவே ஓட்டவும் அவருக்கு ஒரே வண்டி வேண்டும். பிரெவே என்றால் பந்தயம் அல்ல. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். 600 என்றால் 40 மணி நேரம். இவை பிரான்ஸில் வகுத்த கணக்கு. பெங்களூரிலும் இதே கணக்கில்தான் ஓட்டுகிறார்கள். நம்மவர் எங்கே தொடங்க வேண்டும்?

பெரும்பாலானவர்கள் ஃபிரேமின் நிறத்தில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது டயரில்.

ஆமாம், டயரில். மழைக்காலத்தில் நம் தெருக்களில் தண்ணீர் நிற்கும்போது அடியில் குழி இருக்கிறதா, தார் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? வெட்டி மூடிய சாலை, மூடாத சாலை, வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை, இவைதான் நம் பந்தயத் தடம். இங்கே 23 மில்லிமீட்டர் டயர் போட்டால் ரிம்மும் இடுப்பும் சேர்ந்து அடிவாங்கும். 32 மில்லிமீட்டர் போடுங்கள். 32 போட்டால் மேலே மட்கார்டுக்கு இடம் வேண்டும். மட்கார்டு போட்டால் பிரேக்கின் கை நீளமாக வேண்டும், 47 முதல் 57 மில்லிமீட்டர் வரை எட்டுகிற சைடுபுல் பிரேக். அந்த பிரேக் சரியாக உட்கார ஃபோர்க்கின் நீளம் அதற்கேற்ப வேண்டும். டயரைச் சொன்னதும் ஃபோர்க்கின் அளவு வந்துவிட்டது பாருங்கள். எண்பதுகளின் அழகான பந்தய ஃபிரேமைப் பார்த்து அப்படியே கட்டச் சொன்னால் இது நடக்காது. அவற்றில் பெரும்பாலும் 28-க்கு மேல் டயர் ஏறாது, மட்கார்டுக்குப் பேச்சே இல்லை.

ரிம் எந்த அளவு? 700சி என்று எல்லோரும் சொல்கிற ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மில்லிமீட்டர். நம் கம்பி பிரேக் வண்டியின் 28 அங்குல ரிம்மில் அது 635. விட்டத்தில் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். பார்த்தால் இரண்டும் ஒரே உயரம்போலத்தான் இருக்கும். அப்பாவின் பழைய ஃபிரேமில் புது ரோடு வீல் மாட்டிப் பார்க்கிற இளைஞர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ரிம் ஆறரை மில்லிமீட்டர் உள்ளே போய்விடுகிறது. பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படிவதில்லை. மூலைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற டயர் நமக்கு ஆகாதா? ஆகாது. ஆனால் 622 இப்போது கியர் வண்டி விற்கிற எல்லாக் கடையிலும் உண்டு. அதனால் அது சரி. அலுமினிய ரிம்மாக இருக்கட்டும். குரோம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்துவிட்டால் பிரேக்கைப் பிடித்தும் வண்டி தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். அதை அனுபவிக்காத பெரியவர் இந்த அவையில் இருக்க மாட்டார்.

வால்வு சின்ன விஷயம்தான். ஆனால் இந்த ஊரில் அதைப் பேசாமல் விட முடியாது. ரோடு சைக்கிள்களில் வழக்கமாக வருவது பிரெஸ்டா என்கிற ஒல்லி வால்வு. அதற்கு ரிம்மில் 6.5 மில்லிமீட்டர் ஓட்டை போதும். மோட்டார் பைக் வால்வுக்கு 8.5 மில்லிமீட்டர் வேண்டும். பெட்ரோல் பங்க்கிலும் பஞ்சர் கடையிலும் இருக்கிற காற்றுக்குழாய் எதற்குப் பொருந்தும்? மோட்டார் பைக் வால்வுக்குத்தான். ஆகவே பெரிய ஓட்டை உள்ள ரிம்மை வாங்குங்கள். ஒல்லி வால்வு டியூப்தான் கிடைத்தது என்றால் ஒரு சின்ன ரப்பர் வளையம் வைத்து அதையும் போட்டுக்கொள்ளலாம். பெரிய ஓட்டையில் சின்னது நுழையும், சின்ன ஓட்டையில் பெரியது நுழையாது.

அடுத்தது கம்பி. இருபது, இருபத்து நான்கு கம்பி போட்ட வீல்கள் கடையில் பளபளக்கின்றன. வேண்டாம். நம் பழைய வண்டியில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி வைத்தார்களே, ஏன்? பாரம் பின்னால் விழுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். இன்றைய ரோடு வண்டியில் பின்வீலின் வலது பக்கம் பல்சக்கர அடுக்கு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நின்று அதிக இழுவையில் இருக்கும். கம்பி அறுவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். பின்வீலுக்கு 36 கம்பி போட்டு, ஒவ்வொரு கம்பியும் மூன்றைக் குறுக்கிட்டுப் போகும்படி பின்னுங்கள். அப்படிப் பின்னினால், ஒன்று அறுந்தாலும் பக்கத்துக் கம்பியை லேசாகத் தளர்த்தி, கோட்டம் எடுத்து, வீடு வந்து சேரலாம். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே வாங்க வேண்டும். அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஹப் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஃப்ரீவீல் ஹப்பின் மேல் மரை போட்டுத் திருகப்படும். அந்த அமைப்பில் வலது பக்கத்துக் குண்டுகள் உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்ஸிலின் வலது முனை ஆதரவில்லாமல் நிற்கும். குழியில் விழுந்தால் ஆக்ஸில் வளையும், ஒடியும். 1978-இல் ஷிமானோ கொண்டுவந்த ஃப்ரீஹப்பில் குண்டுகள் வெளி விளிம்புக்கே போய்விட்டன. தோற்றத்துக்காகப் பழைய ஃப்ரீவீல் ஹப்பைத் தேடி அலைவது, திருத்தப்பட்ட ஒரு குறையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குவதாகும். பழைய பாணியில் எதைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்ற விவேகம் இங்கே வேண்டும்.

அப்படியானால் ஃபிரேமின் பின் அகலம் எவ்வளவு? ஐந்து பல்சக்கரக் காலத்தில் 120 மில்லிமீட்டர், ஆறு ஏழு வந்தபோது 126, எட்டுக்குப் பிறகு 130. மலை சைக்கிளுக்கு 135. சர்லி என்ற அமெரிக்க நிறுவனம் தன் கிராஸ்-செக் ஃபிரேமுக்கு 132.5 என்று வைத்தது. 130 ஹப்பும் போகும், 135 ஹப்பும் போகும். எஃகு இரண்டரை மில்லிமீட்டர் வளைந்து கொடுக்கும். நம்மவருக்கும் இதையே சொல்லலாம். ஏனென்றால் நம் கடைகளில் மலை சைக்கிள் ஹப் கிடைப்பது எளிது, ரோடு ஹப் அவ்வளவு எளிதல்ல. தேய்ந்தால் எங்கே கிடைக்கும்? ஃபிரேம் கட்டும்போதே இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் வைத்துக்கொள்ளலாமே.

இப்போது கியர். இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் முழங்கால் சம்பந்தப்பட்ட விஷயம்.

பழைய பந்தய வண்டிகளில் முன்னால் 52-உம் 42-உம், பின்னால் பெரியது 24 பல் என்பது சகஜம். 42-ஐ 24-ஆல் வகுத்தால் 1.75. அதாவது பெடல் ஒரு சுற்று வந்தால் சக்கரம் ஒன்றே முக்கால் சுற்று. 32 மில்லிமீட்டர் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.15 மீட்டர். ஆக ஒரு மிதிக்கு வண்டி சுமார் 3.8 மீட்டர் போகிறது. நிமிடத்துக்கு அறுபது மிதி என்றால் மணிக்குப் பதின்மூன்றரை கிலோமீட்டர். நந்தி மலையின் ஏற்றத்தில் எட்டு கிலோமீட்டர் தூரம் அந்த வேகத்தைப் பிடிக்க முடியுமா? பழகிய பந்தயக்காரர் பிடிப்பார். நாற்பது வயதில் வேலை முடிந்து பயிற்சி எடுப்பவர் பிடிக்க மாட்டார். வேகம் குறையும், மிதி கனக்கும், எழுந்து நின்று மிதிப்பார், முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

நந்தி இருக்கட்டும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறுங்கள். முப்பத்தாறு கொண்டையூசி வளைவுகள். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணத்தில் கல்லட்டி என்றால் பழகியவர்களும் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வார்கள். அங்கே எது கைகொடுக்கும்? முன்னால் 34, பின்னால் 34. பெடல் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. அறுபது மிதிக்கு மணிக்கு ஏழே முக்கால் கிலோமீட்டர். மூச்சு வாங்கும், ஆனால் கால் சுற்றிக்கொண்டே இருக்கும். முன்னால் 50-உம் 34-உம், பின்னால் 11 முதல் 34 வரை எட்டுச் சக்கரம். இதுதான் நம்மவருக்கு உகந்த கியர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏன் எட்டு? பன்னிரண்டு வந்துவிட்டதே என்பார்கள். ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் ஒரே செயின், 7.1 மில்லிமீட்டர் அகலம். கியர் வைத்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளிலும் அந்தச் செயின்தான் ஓடுகிறது. ஆகவே சித்தூரிலும் கிடைக்கும், கிருஷ்ணகிரியிலும் கிடைக்கும். செயின் தேயத்தான் செய்யும். தேய்ந்தால் எங்கே கிடைக்கும்? அதை யோசித்துத்தான் எட்டு.

கியர் லிவரைக் கீழ்க்குழாயில் வையுங்கள். 'கிளிக்' சத்தம் இல்லாத, உராய்வில் நிற்கிற பழைய லிவர். ஐந்து சக்கரமா ஒன்பதா என்று அது கேட்பதே இல்லை. ஒரு கேபிள், ஒரு திருகு, உள்ளே உடைய ஒன்றுமில்லை. நெரிசலில் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறதே என்ற குறை நியாயமானது. ஓசூர் சாலையின் லாரிகளுக்கு நடுவில் அது பிடிக்காதவர்கள் லிவரை ஹேண்டில்பாரின் முனையில் செருகிக்கொள்ளலாம். செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றுகிற டிரெய்லியர் மட்டும் புதியதாக இருக்கட்டும். 1964-இல் ஜப்பானின் சன்டூர் கண்டுபிடித்த சாய்வு இணைகரம் பல்சக்கரங்களை ஒட்டியே நகர்கிறது. 1984-இல் அந்தக் காப்புரிமை காலாவதியானதும் மற்றவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்திய இத்தாலிய டிரெய்லியர்கள் கண்ணாடி அலமாரிக்கு அழகு, கல்லட்டிக்கு அல்ல.

கிராங்க் சுழலும் அச்சுப் பெட்டிக்கு வருவோம். ஒரு ஃபிரேமின் வாழ்நாள் அந்தப் பெட்டியின் இரண்டு பக்க மரைகளில் இருக்கிறது. 68 மில்லிமீட்டர் அகலம், 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. பெயரில் உலகம் முழுக்க வழங்கும் அளவு. இதில் வலது பக்கக் கப்புக்கு மரை தலைகீழ், நாம் வழக்கமாக இறுக்கும் திசையில் திருப்பினால் கழன்று வரும். இது ஏன்? மிதிக்கிற சுமை சுற்றிச்சுற்றி வந்து கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்த்திசையில் உருட்டப் பார்க்கும். வழக்கமான மரை போட்டால் வலது கப் தானே தளரும். இடது பெடலுக்கு ஏன் தலைகீழ் மரை என்று எந்தச் சைக்கிள் கடைப் பையனைக் கேட்டாலும் சொல்வான், அதே சங்கதி. இத்தாலிய ஃபிரேமில் 70 மில்லிமீட்டர் பெட்டி, இரண்டு பக்கமும் நேர் மரை. வலது கப்பை எவ்வளவு இறுக்கினாலும் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த இடத்தில் பர்மிங்ஹாம் மரைதான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அதற்குச் சதுர முனை ஆக்ஸில் உள்ள சீல் செய்த பெட்டி போடுங்கள். காட்டர் பின் காலத்துக்குத் திரும்ப வேண்டாம். சதுர முனையிலும் ஜப்பான் அளவு, ஐரோப்பிய அளவு என்று இரண்டு உண்டு. இரண்டையும் கலந்தால் கிராங்க் நான்கைந்து மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், செயின் கோடு கெடும்.

ஹேண்டில்பாரைத் தாங்கும் கழுத்தும் அப்படித்தான். ஒரு அங்குல ஃபோர்க்குக்குள் இறங்கும் கழுத்து 22.2 மில்லிமீட்டர். பழைய பிரெஞ்சு வண்டியில் அது 22.0. அந்த 0.2 மில்லிமீட்டருக்காக எத்தனை நல்ல கழுத்துகள் உப்புக் காகிதத்தில் தேய்க்கப்பட்டிருக்கும்! ஹேண்டில்பார் பிடிக்கும் இடத்திலும் 25.4, 26.0 என்று உண்டு. 26.0-க்கான கழுத்தில் 25.4 பாரை இறுக்கிவிட்டு, இறங்குமுகத்தில் பிரேக் பிடித்தால் பார் கீழே சுழலும். அது பல் போகிற விஷயம். பாரையும் கழுத்தையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒன்றில் ஒன்று மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

சீட்? தோல் சீட்தான். பர்மிங்ஹாம் பக்கத்து புரூக்ஸ் கம்பெனி பி17 என்ற சீட்டை 1890-களிலிருந்து செய்துவருகிறது. ஓட்ட ஓட்ட உட்காருபவரின் எலும்புக்குத் தக்கபடி அது பள்ளம் விழுந்து பழகும். பழகிய சீட்டை யாரும் இரவல் தர மாட்டார்கள். ஆனால் பெங்களூரு மழைக்கு அது பயப்படும். மேலே உறை போட்டால் மட்டும் போதாது. பின்வீல் அள்ளித் தெளிக்கிற தண்ணீர் அடியிலிருந்து தோலை ஊறவைக்கும். மட்கார்டு வேண்டும் என்று முதலிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று: இந்தச் சீட்டின் அடிக்கம்பி குட்டை, பின்னால் அவ்வளவாகத் தள்ள முடியாது. ஆகவே சீட் தண்டு பின்னால் வளைந்ததாக இருக்க வேண்டும், அல்லது சீட் குழாயின் சாய்வை 73 பாகையிலிருந்து 72-க்குக் குறைக்க வேண்டும். அதாவது சீட்டை முடிவு செய்யாமல் ஃபிரேமை வரைய முடியாது.

கவனித்தீர்களா? டயர் ஃபோர்க்கை முடிவு செய்தது, ஹப் பின் அகலத்தை முடிவு செய்தது, சீட் குழாயின் சாய்வை முடிவு செய்கிறது. ஆகவே ஃபிரேம் கட்டுபவரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். பாகங்களை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு போங்கள். அவர் பிரேக்கை வைத்து அளக்கட்டும், வீலை நிறுத்திப் பார்க்கட்டும், சீட்டையும் தண்டையும் கையில் எடுத்துப் பார்க்கட்டும். குழாயை வெட்டுவது அதற்குப் பிறகு.

வெட்டிப் பற்றவைக்கும்போதே சொல்ல வேண்டியவை சில உண்டு. மட்கார்டுக்கும் கேரியருக்கும் தனித்தனியாகக் கண்கள். பாட்டிலுக்கு இரண்டு இடம், முடிந்தால் அச்சுப் பெட்டிக்குக் கீழே மூன்றாவது. கியர் லிவருக்குக் குமிழ். முன்வீல் ஹப்பில் டைனமோ வைப்பதாக இருந்தால், 6 வோல்ட் 3 வாட் விளக்குக்கு ஒயர் போக ஃபோர்க்கில் ஒரு சிறு துளை. பெயிண்ட் அடித்த பிறகு இவற்றைக் கேட்டால், பெயிண்டைச் சுரண்டி மறுபடி சூடு வைக்க வேண்டும். மெல்லிய குழாய்க்கு அது நல்லதல்ல.

இன்னும் ஒன்றும் உண்டு. அச்சுப் பெட்டியிலிருந்து பின்வீலுக்குப் போகும் வலது குழாயான செயின் ஸ்டேயின் மேல், சின்னதாய் இரண்டு கொண்டிகள். அவற்றுக்கு நடுவே மாற்றுக் கம்பி இரண்டை நீளவாக்கில் மாட்டி வைக்கலாம். பழைய பயண வண்டிகளில் வழக்கமாக இருந்தது, இப்போது யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். செயின் துள்ளிப் பெயிண்டில் அடிப்பதை அந்தக் கம்பிகள் தாங்கிக்கொள்ளும். சிக்கபள்ளாபூர் பக்கம் எங்கேனும் ஒரு கம்பி அறுந்தால், சரியான நீளத்தில் இன்னொன்று வண்டியிலேயே இருக்கும். வாங்கும்போது வலப்பக்க அளவில் வாங்கிக்கொள்ளுங்கள். இடப்பக்கக் கம்பி ஓரிரு மில்லிமீட்டர் நீளம்.